அத்தைக்கு மீசை முளைத்தால்

"அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா" என்று தமிழில் ஒரு வழக்கு உண்டு. நடக்க வாய்ப்பே இல்லாததை வைத்துக் கணக்குப் போடுகிறவனை மட்டம் தட்ட இதைச் சொல்வார்கள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அத்தையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சேர்ந்து சிரிப்பார். ஆனால் அத்தைமாருக்கு மீசை முளைக்கத்தான் செய்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. பெண் உடம்பில் எப்போதும் கொஞ்சம் இருக்கிற ஆண் ஹார்மோனின் கை ஓங்குகிறது. மேலுதட்டிலும் முகவாயிலும் நாலைந்து கறுத்த முடி தலைகாட்டுகிறது. இதில் அதிசயம் ஏதுமில்லை. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இஸ்லாமியச் சட்ட அறிஞர் இமாம் நவவி, பெண்ணுக்குத் தாடியோ மீசையோ முளைத்தால் அதை நீக்குவது தடையில்லை, விரும்பத்தக்கதுகூட என்று எழுதி வைத்திருக்கிறார். அவர் சார்ந்த ஷாஃபி சட்ட மரபைத்தான் மலேசியாவின் ஜொகூர் மாநில மலாய்க்காரர்கள் இன்றும் பின்பற்றுகிறார்கள். ஒரு சமூகம் அன்றாட நடப்பாக ஏற்று விதி சொன்ன விஷயத்தை இன்னொரு சமூகம் நடக்கவே நடக்காததற்கு எடுத்துக்காட்டாக்கிக்கொண்டது. இந்த இரண்டு சமூகங்களும் அரை மைல் தூரத்தில் அண்டை அயலாக வாழ்ந்த ஊர்களில் ஒன்று லாயாங் லாயாங்.

ஜொகூரில் குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த லாயாங் லாயாங், ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் நடுவில் ரயில் நிலையம் உள்ள சிற்றூர். சுற்றிலும் தோட்டங்கள், முன்பு கித்தா என்கிற ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. பக்கத்து ஊலு ரெமிஸ் தோட்டத்தின் பெயர் செம்பனை விதை ஆராய்ச்சி நூல்களிலெல்லாம் வரும், ஊரின் பெயரை அறியாதவர்களுக்கும் அந்தப் பெயர் தெரியும். இப்படிப்பட்ட ஊர்களில் மட்டுமல்ல, தமிழர் வாழும் எல்லா இடங்களிலும் ஒரு நம்பிக்கை உறுதியாக உலவுகிறது: அந்தக் காலத்துப் பெண்கள் மஞ்சள் பூசிக் குளித்தார்கள், முகத்தில் முடி முளைக்கவில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகள் பூசுவதில்லை, முளைக்கிறது. இதில் மஞ்சள் பூசினார்கள் என்பது உண்மை, முடி முளைக்கவில்லை என்பது தவறு, இரண்டையும் சேர்த்த முடிச்சு பிற்காலத்தில் போடப்பட்டது என்பதே என் வாதம். மஞ்சள் முடியை நீக்குவதற்காகப் பூசப்பட்டதில்லை. அந்த வேலை அதன் தலையில் ஏற்றப்பட்டது அண்மையில், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குள். அப்படி ஏற்றியதன் விலையை முகத்தில் முடி முளைக்கிற பெண்கள்தான் கொடுத்து வருகிறார்கள்.

இதற்கு எழுத்துச் சான்று தேடினால் கைக்கு அகப்படுவது குறைவு. காலனிய அரசின் தொழிலாளர் இலாகா கூலியை எண்ணியது, பிறப்பு இறப்பை எண்ணியது, கள்ளுக்கடையைக்கூடக் கவனித்தது. பெண் தொழிலாளி குளித்துவிட்டு முகத்தில் என்ன பூசினாள் என்று எந்தக் கிராணியும் எழுதி வைக்கவில்லை. ஆகவே வழக்கத்தை அதன் சொந்த விதிகளைக் கொண்டே விசாரிக்க வேண்டும். யார் பூசலாம், யார் பூசக்கூடாது, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பவை எவரும் எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தவை. அந்த விதிகளே போதுமான சாட்சி.

1909இல் ரயில் பாதை ஜொகூர் பாருவரை போய்ச் சேர்ந்ததும் இந்தப் பகுதியின் காடுகள் வேகமாகக் கித்தாக் காடாயின. கங்காணிகள் ஆள்கட்டி அழைத்துவந்த தமிழ்க் குடும்பங்கள் லயங்கள் என்கிற தோட்ட வரிசை வீடுகளில் குடியேறின. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தும்வரை இந்த வரத்து நீடித்தது. 1920களின் கடைசியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை விழுந்த 1930இல் அது 40, 32 என்று இறங்கியது. விடியுமுன் பெரட்டு என்கிற ஆள்கணக்குக்குப் போய்ப் பெயர் கொடுத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பால் வெட்டி, வாளி சுமந்து திரும்புகிற அந்த 32 காசுக்காரிக்கு மஞ்சள் என்பது கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தில் ஏறுகிற செலவு. கிழங்கைத் தண்ணீர் தெளித்த கல்லில் உரைப்பாள். முதலில் கல்லில் வெறும் ஈரம்தான் தெரியும். நாலைந்து உரைப்புக்குப் பிறகு குழைவாக ஒரு மஞ்சள் விழுது திரளும். விரலால் வழித்துக் கன்னம், நெற்றி, கழுத்து, பிறகு பாதம் என்று பூசி, சற்று இழுக்க விட்டுக் கழுவுவாள். பாதத்திலும் பூசினாள் என்பதைக் கவனிக்க வேண்டும். பாதத்தில் முடி எடுக்க யாரும் நினைத்ததில்லை.

இன்னும் நெருங்கிப் பார்த்தால், மஞ்சள் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பது தெளிவாகும். பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் சடங்கு வைத்து மஞ்சள் நீர் ஊற்றுகிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் நலங்கு; தாலிக் கயிற்றுக்கு மஞ்சள். சுமங்கலி வீட்டுக்கு வந்தால் மஞ்சளும் குங்குமமும் கொடுத்து அனுப்ப வேண்டும். கணவன் இறந்தால் கடைசியாக ஒரு முறை பூசி, பிறகு மஞ்சளை எடுத்துவிடுகிறார்கள். எல்லாச் சாதியிலும் ஒரே கண்டிப்போடு இது நடந்ததில்லை என்றாலும், கைம்பெண் முகத்தில் மஞ்சள் கூடாது என்பது பரவலாக எல்லாரும் அறிந்த விதி. மஞ்சள் முடியை நீக்கும் மருந்தென்று அந்தச் சமூகம் நினைத்திருந்தால், நாற்பதைத் தாண்டி உண்மையிலேயே முகவாயில் முடி முளைக்கிற வயதில் இருந்த கைம்பெண்ணிடமிருந்து அதைப் பிடுங்கியிருக்குமா? பல் துலக்கும் சாம்பலை யாரும் அவளிடமிருந்து பிடுங்கவில்லை; சீயக்காயைப் பிடுங்கவில்லை. சுத்தத்துக்கான பொருள்கள் அவளிடம் தங்கின. நிலையைக் காட்டும் பொருள்கள் போயின. மஞ்சள் எந்தப் பட்டியலில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். போதாவிட்டால் மாப்பிள்ளையைப் பாருங்கள்: நலங்கில் அவனுக்கும் மஞ்சள் பூசுகிறார்கள், அவன் மீசை போய்விடும் என்று யாரும் கவலைப்படுவதில்லை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் மஞ்சள் நீரில் தொப்பலாக நனைகிற ஆண்களின் கதையும் அதுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். சடங்கு ஒருபுறம் இருக்கட்டும், பாட்டிமார்களின் முகம் வழவழவென்று இருந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களே, அது பொய்யா என்று கேட்கலாம். பொய்யில்லை. கல்லில் உரைத்த கிழங்கின் நறநறப்பும், கூடவே தேய்த்த பாசிப்பயற்று மாவும், நாள்தோறும் ஒரே இடத்தில் படும்போது பூமயிர் உடைந்து உதிர வாய்ப்புண்டு. அதற்கும் மேலே நிறம் செய்கிற வேலை. கறுத்த மெல்லிய முடி மாநிறத் தோலில் தெரிவதற்குக் காரணம் இரண்டுக்கும் உள்ள நிற வேற்றுமை. மஞ்சள் இரண்டின் மேலும் ஒரே சாயத்தை ஏற்றிவிடுகிறது. லயத்து மண்ணெண்ணெய் விளக்கில், கையகலக் கண்ணாடியில், அது முடியில்லாத முகமாகத்தான் தெரியும். வேதியியல் பக்கத்திலும் ஒரு சின்ன ஆதரவு இருக்கிறது. மலாய்க்காரர் தெமு ஹித்தாம் என்கிற, மஞ்சளுக்கு ஒன்றுவிட்ட உறவான கிழங்கின் எண்ணெய் அக்குள் முடி வளர்ச்சியைத் தாமதப்படுத்துவதாகத் தாய்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். ஆனால் அது வேறு கிழங்கு, காய்ச்சி இறக்கிய எண்ணெய், முகமல்லாத இடம். கிடைத்த பலனும் தாமதமே தவிர நீக்கமல்ல. ஆண் ஹார்மோனால் ஒருமுறை தடித்துக் கறுத்துவிட்ட முடி வேர், மேலே எதைப் பூசினாலும் பழைய பூமயிராகத் திரும்புவதில்லை. வழவழ முகத்தோடு இருந்த பாட்டிக்கு முளைத்ததே பூமயிர் மட்டும்தான். அவருக்கு மஞ்சள் பலித்ததாகத் தோன்றியது. தடித்த முடி முளைத்த இன்னொரு பாட்டி களை முளைத்தது போல அதைக் கிள்ளி எறிந்துவிட்டுப் பால் வெட்டப் போனார். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவ்வளவே.

முடியை நீக்கத்தான் வேண்டும் என்று நினைத்த சமூகங்கள் அதற்கு உருப்படியான கருவிகளை வைத்திருந்தன. அவை லாயாங் லாயாங் போன்ற ஊர்களில் கண்ணெதிரே இருந்தன. மலாய்க் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்குப் பெராண்டாம் என்ற சடங்கு நடக்கும். மாக் அண்டாம் என்கிற ஒப்பனைக்கார அம்மாள் பெண்ணை உட்காரவைத்து, நெற்றி விளிம்பு, கன்னப்பொறி, பிடரி, புருவம் என்று சவரக் கத்தியால் பூமயிரை மழித்துச் சீராக்குவார். மழித்த முடியை இளநீர்க் காய்க்குள் போடுவது மரபு. முதலில் வெட்டிய முடி விழுகிற விதத்தை வைத்து அந்தப் பெண் கன்னியா என்று குறிபார்ப்பதும் உண்டு. கத்தி முகத்தில் இருக்கையில் இப்படியொரு விசாரணையும் நடந்தது என்பதை நினைத்தால், அந்தப் பெண்கள் எவ்வளவு அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

தெற்குச் சீனாவிலிருந்து வந்தவர்களின் வழி நூல். முகம் முழுக்க வெள்ளைப் பொடி தடவுவார்கள். முடி நிமிர்ந்து நிற்கும், நூலும் வழுக்காது. வேலை செய்கிற அம்மாள் பருத்தி நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொள்வார். இரு கை விரல்களிலும் நூலைப் பிரித்து மாட்டி நடுவில் முறுக்குவார். தலையை லேசாகப் பின்னுக்கு இழுத்து விரல்களை அகட்ட, முறுக்கு முகத்தின் மேல் ஓடும். அது ஓடும் வழியிலுள்ள முடியைக் கவ்வி வேரோடு பிடுங்கும். காது கொடுத்தால் நூல் அறுகிற மாதிரி ஒரு சன்னச் சத்தம் கேட்கும். கல்யாணத்துக்கு முந்தி மணப்பெண்ணுக்கு இது முதல் முறையாக நடக்கும். அதற்குமுன் கன்னிப்பெண் முகத்தில் நூல் படக்கூடாது. நூல் பிடிக்கிற அம்மாளுக்குக் கணவன் உயிரோடிருக்க வேண்டும், பிள்ளைகள் இருக்க வேண்டும். தமிழ்ச் சடங்கில் நலங்கு வைக்கச் சுமங்கலியைத் தேடுவதை அறிந்தவர்களுக்கு இது பழகிய விதியாகவே தெரியும்.

மூன்று சமூகத்திலும் ஒரே வாசற்படியில்தான் பெண்ணின் முகத்தைத் தொட்டிருக்கிறார்கள்: கல்யாணம். ஒருவர் மழித்தார், ஒருவர் பிடுங்கினார், ஒருவர் பூசினார். மஞ்சள் முடிநீக்கியானதன் தொடக்கத்தை நான் இங்கேதான் காண்கிறேன். அண்டை வீட்டுக் கல்யாணத்தில் அதே கட்டத்தில் முடியை எடுக்கிறார்கள். நம் வீட்டில் மஞ்சள் பூசுகிறார்கள். அப்படியானால் நம் மஞ்சளும் அதற்குத்தான் என்று ஊகிக்க அதிக தூரம் போக வேண்டியதில்லை. இது என் ஊகம், ஆவணம் காட்ட முடியாது. ஆனாலும் சடங்கில் ஒரே இடத்தில் நிற்கிற இரண்டு செயல்களுக்கு ஒரே பயனைக் கற்பிப்பது மனித இயல்பு.

அப்படியானால் தமிழ்ப் பெண்கள் அண்டை வீட்டாரின் கத்தியையோ நூலையோ ஏன் வாங்கிக்கொள்ளவில்லை? கத்தியைப் பொறுத்தவரை பதில் கடினமில்லை. தமிழ்நாட்டுக் கிராமத்தில் சவரக் கத்தி ஒரு சாதியின் கையில் இருந்தது, ஆண்களின் முகத்துக்கு. அந்த வீட்டுப் பெண்கள் ஊரில் மருத்துவச்சிகளாகப் பிரசவம் பார்த்தார்கள். கத்தி பிடித்துப் பெண்களுக்கு முகம் திருத்தும் தொழில் அவர்களுக்கு இல்லை. பெண்ணின் தலையில் கத்தி படுவதென்றால் பழனியிலோ திருப்பதியிலோ முடிக்காணிக்கை, இல்லையேல் பிராமணக் கைம்பெண்ணுக்கு நேர்ந்த மொட்டை. தோட்டத்துக்கு வந்தவர்களில் பிராமணர்கள் அநேகமாக இல்லை, ஆனாலும் அந்தக் காட்சியை ஊரில் பார்த்தறியாதவர்களும் இல்லை. இவற்றோடு, மழித்தால் முடி தடித்து வளரும் என்ற பயம். இந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்று அமெரிக்க உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928லேயே அளந்து காட்டிவிட்டார். மழித்த முடியின் நுனி மொட்டையாக இருப்பதால் தடவும்போது சொரசொரக்கிறது, அவ்வளவுதான். நூறாண்டு நெருங்கியும் அந்த முடிவு பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. ஆணுக்கு மட்டும் கடை தொடர்ந்து இருந்தது. மலேசியாவில் இந்திய முடிதிருத்தும் கடை ஒரு நிறுவனம் மாதிரி. வெளிநாட்டு ஆட்களைக் கொண்டுவர 2009இல் தடை வந்தபோது ஆண்டுக்கணக்கில் அமைச்சர்களிடம் மனுக்கொடுத்தார்கள். பெண்ணின் மேலுதட்டுக்காக யாரும் மனுக்கொடுத்ததில்லை.

மரபு மருத்துவத்தையும் கேட்டுப் பார்க்கலாம். மஞ்சள் முடிநீக்கி என்பது பழைய அறிவு என்றால் அது வைத்திய நூல்களில் முதலிடத்தில் இருந்திருக்க வேண்டும். சுசுருத சம்ஹிதை புண் சிகிச்சைக்கு 60 வகைச் செயல்களை அடுக்குகிறது. புண்ணைச் சுற்றியுள்ள முடியை நீக்குவது அதில் ஒன்று. அதற்கு அது சொல்கிற மருந்து சங்குச் சுண்ணமும் அரிதாரமும். அரிதாரம் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம்; சுண்ணத்தோடு சேரும்போது முடியின் புரதப் பிணைப்பைக் கரைக்கும். இன்றைய முடிநீக்கிக் கிரீம்களும் அதே பிணைப்பைத்தான் உடைக்கின்றன, நஞ்சில்லாத வேறு கந்தகச் சேர்மத்தால். அந்த நூல் மஞ்சளை அறியாததல்ல. புண்ணுக்கு மஞ்சளைப் பல இடங்களில் சொல்கிறது. முடி போக வேண்டும் என்ற கட்டத்தில் மட்டும் மஞ்சளை விட்டுவிட்டு நஞ்சைத் தேடிப் போகிறது. மஞ்சளால் முடியாத வேலை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு எப்போது மாறியது? மஞ்சள் முகம் வெளியிடத்தில் கூச்சம் தரத் தொடங்கியபோது. இந்தியாவில் 1970களில் விக்கோ நிறுவனம் முகத்தில் நிறம் ஒட்டாத மஞ்சள் கிரீமை விற்கத் தொடங்கியது. அது அழகுப்பொருளா, ஆயுர்வேத மருந்தா என்று வரி இலாகாவுடன் நீதிமன்றம்வரை போய்ப் பல ஆண்டுகள் வழக்காடியது. வழக்கின் முடிவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பொருள்தான். சுமங்கலியின் அடையாளமாகிய மஞ்சளில் அடையாளம் என்பதே நிறம். நிறத்தை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கிற கிழங்குக்கு வேறு வேலை கொடுத்தாக வேண்டும். பருவுக்கு, தேமலுக்கு, பளபளப்புக்கு, முடிக்கு என்று அழகுக் குறிப்புப் பக்கங்கள் அந்த வேலைகளைப் பங்கிட்டுக் கொடுத்தன. மலேசியாவில் அதே காலத்தில் தோட்டங்கள் மாறிக்கொண்டிருந்தன. கித்தா போய்ச் செம்பனை வந்தது, ஆள்தேவை சுருங்கியது, நிலம் வீடமைப்புக்கும் போனது. பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்தில் கூலாய், செனாய் பக்கம் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கும், பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். மஞ்சள் முகத்தோடு அங்கே நிற்க முடியாது. கையில் சொந்தச் சம்பளம் இருந்தது. பட்டணத்தில் பியூட்டி பார்லர் இருந்தது. ஈரானிலும் வட இந்தியாவிலும் புழங்கிவந்த நூல் முறை த்ரெட்டிங் என்ற பெயரில் தமிழ்ப் பெண்ணின் புருவத்துக்கு வந்து சேர்ந்தது. பக்கத்துச் சீன வீட்டில் நூறாண்டாக இருந்த வித்தையை, சுற்றி வளைத்து வடக்கிலிருந்து வாங்கிக்கொண்டோம். வாழ்க்கையில் ஒருமுறை வாசற்படியில் நடந்தது மூன்று வாரத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டியதாயிற்று, பதின்மூன்று வயதிலிருந்தே.

இதில் கெடுதல் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாத முடியை எடுத்துக்கொள்வது அவரவர் விருப்பம். மஞ்சளைப் பற்றிய தப்பான நம்பிக்கை யாரையும் கொன்றுவிடவில்லை. முதல் பாதியில் எனக்கு மாறுபாடில்லை: நூலோ கத்தியோ கிரீமோ, எடுப்பதில் தவறில்லை. இரண்டாம் பாதியில்தான் மாறுபடுகிறேன். மஞ்சள் பூசினால் முளைக்காது என்று நம்புகிற வீட்டில், முளைத்த பிள்ளைமேல் குற்றம் விழுகிறது: நீ பூசவில்லை, சோம்பேறி, எண்ணெயும் மஞ்சளும் உனக்குப் பிடிக்காது. தாயின் இந்தக் கண்டிப்புக்கும், பார்லரின் நூலுக்கும் நடுவில், உடம்பு கொடுக்கிற சேதி தொலைந்துபோகிறது. முகவாயிலும் தாடையோரத்திலும் தடித்த முடி, தள்ளிப்போகிற மாதவிடாய், ஏறுகிற எடை மூன்றும் சேர்ந்தால் அது பெரும்பாலும் சினைப்பை நீர்க்கட்டி நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் 10 முதல் 13 விழுக்காட்டினருக்கு இது உண்டு. அவர்களில் 70 விழுக்காட்டினர்வரை தங்களுக்கு இருப்பதையே அறியாதவர்கள். சிவப்பழகுக்காகப் பூசுகிற சில கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதை மாதக்கணக்கில் பூசினால் முகத்தில் முடி முளைக்கும் என்பது வேறு கொடுமை.

இதற்கும் ஒரு எதிர்வாதம் தயாராக இருக்கிறது: இந்த நோயே புதுசு, பாக்கெட் தீனியால் வந்தது, பாட்டி காலத்தில் இல்லை. பாதி நியாயம் இருக்கிறது. உடம்பில் கொழுப்பு ஏறி இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. நாளுக்கு நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி நடந்து, அரைவயிற்றுக்கு உண்ட பால்வெட்டுக்காரிக்கு அந்த நிலை வர வாய்ப்புக் குறைவு. ஆனால் நோய் புதுசல்ல. சிக்காகோவில் ஸ்டைனும் லெவந்தாலும் ஏழு பெண்களை வைத்து இதை வரையறுத்தது 1935இல், லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில். அதற்கும் முன்னால், 1721இல், இத்தாலிய மருத்துவர் வல்லிஸ்னேரி, மணமாகிப் பிள்ளை பெறாத ஓர் இளம் உழவுப் பெண்ணின் பருத்த, மேடு மேடான சினைப்பைகளை விவரித்திருக்கிறார். பாக்கெட் தீனி தின்னாதவள் அவள். தோட்டத்தில் மலடி என்று பேர் வாங்கிய பெண்களில் எத்தனை பேருக்கு இதுவே காரணமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வழியில்லை. அவர்களுக்கு மருத்துவர் இல்லை, கோயிலும் வேண்டுதலும்தான் இருந்தன.

இன்று மருத்துவர் இருக்கிறார். குளுவாங்கில் அரசு மருத்துவமனை இருக்கிறது. குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் பலன் தர ஆறு மாதமாவது ஆகும்; மாநிறத் தோலுக்கு லேசர் செய்வதென்றால் தோலைப் பொசுக்காத நீண்ட அலைநீளக் கருவியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்; குரல் தடித்து, சில மாதங்களிலேயே முடி மளமளவென்று முளைத்தால் கட்டி ஏதும் இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். எத்தனை முடி என்பதை அளக்க 1961இல் லண்டனில் ஃபெர்ரிமனும் கால்வேயும் ஒரு கணக்கு வகுத்தார்கள்: உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். வெள்ளைக்காரப் பெண்களை வைத்து 8 என்று கொள்ளப்பட்டிருந்த வரம்பு, இனத்துக்கேற்ப 4 முதல் 6 ஆக இருக்கலாம் என்று 2018இன் பன்னாட்டு வழிகாட்டி திருத்தியது. கணக்கில் ஒரு ஓட்டை மட்டும் அடைபடவில்லை. கிளினிக்குக்கு வருகிற பெண் முந்தின நாளே பார்லருக்குப் போய் நூல் போட்டுவிட்டு வருகிறாள். கௌரவமாக வர வேண்டுமல்லவா. மருத்துவர் முகத்தைப் பார்த்தால் மதிப்பெண் 0. அவர் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை நாளைக்கு ஒருமுறை நூல் போடுகிறீர்கள், எந்த வயதில் தொடங்கினீர்கள் என்பது. கூட வந்த அம்மா அதற்குள் முந்திக்கொண்டு, இவள் மஞ்சளே பூசுவதில்லை டாக்டர் என்பார்.